பெயிண்டு அடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம்: யார் சுவருக்கு யார் பணம்?

வாசலில் சாமான் வண்டி நிற்கிறது. பீரோ ஏறிவிட்டது. கியாஸ் சிலிண்டரும் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் மாடியில் இருந்து இறங்கி வந்து அட்வான்சு பணத்தைக் கொடுக்கிறார். எண்ணிப் பார்த்தால் ஒரு மாத வாடகை குறைகிறது.

"என்ன சார், குறையுதே?"

"பெயிண்டு அடிக்கணும்ல தம்பி. எல்லார்கிட்டேயும் பிடிக்கிறதுதானே!"

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிது அல்ல. வடபழனி ஆனாலும் சரி, வேளச்சேரி ஆனாலும் சரி, இது எழுதாத சட்டம் ஆகிவிட்டது. சுவர் முழுக்க ஆணி அடித்தவருக்கும் அதே பிடித்தம். ஒரு காலண்டர்கூட மாட்டாதவருக்கும் அதே பிடித்தம். 8 வருடம் குடியிருந்தவரும் 11 மாதத்தில் கிளம்பியவரும் ஒன்றுதான்!

பெயிண்டு கூலிக்கும் வாடகைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. முகப்பேரில் ஒரு பிளாட்டு, தியாகராயநகரில் அதே அளவில் இன்னொரு பிளாட்டு. வாடகையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கும். ஆனால் பெயிண்டர் சுவரைத்தான் அளப்பார். தெருவை அளக்க மாட்டார்.

கணக்கு போட்டுப் பார்த்தால்...

10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. மேல் கூரை 120. ஆக 560 சதுர அடி. இப்படியே 2 படுக்கை அறை, ஹால், சமையல் கட்டு எல்லாம் சேர்ந்தால் சாதாரண பிளாட்டில் 2,500 சதுர அடி பக்கம் வந்துவிடும்.

காண்டிராக்டர் சதுர அடிக்கு 10 ரூபாய் கேட்டால் ரூ.25 ஆயிரம். 20 ரூபாய் கேட்டால் ரூ.50 ஆயிரம். எதற்கு 10, எதற்கு 20 என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய பூச்சைச் சுரண்டி, விரிசலை அடைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் 2 கோட்டிங் பெயிண்டு அடிப்பது ஒரு வேலை. இதில் பெயிண்டு அடிப்பதைவிட அதற்கு முந்தைய வேலைக்குத்தான் நாள் பிடிக்கும். தூசி முழுக்க பெயிண்டர் மூக்கில்தான். கூலி கூடுவதில் நியாயம் உண்டு. பெயிண்டு வாளியிலும் மலிவு ரகத்துக்கும் உயர்ந்த ரகத்துக்கும் பல மடங்கு விலை வித்தியாசம். போதாததற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு.

இன்னொரு வேலையும் இருக்கிறது. சுரண்டுவது இல்லை, பட்டி இல்லை. மலிவு பெயிண்டில் தாராளமாகத் தண்ணீர் விட்டு, ரோலரால் ஒரே இழுப்பு! 2 ஆள், 2 நாள். புதுக் குடித்தனக்காரர் சுவரில் சாய்ந்தால் முதுகில் மாவு ஒட்டும்.

காலி வீட்டில் செலவு இன்னும் குறைவு. பீரோ நகர்த்த வேண்டாம், கட்டிலை மூட வேண்டாம். ஆனால் போகிறவரிடம் பிடிப்பது முதல் ரக வேலைக்கான பணம். செய்வது பல இடங்களில் இரண்டாவது ரகம். மிச்சம் எங்கே போகிறது? பெயிண்டர் பைக்குப் போகவில்லை. அவருக்கு அதே நாள் கூலிதான். "சீக்கிரம் முடிப்பா, ஒண்ணாம் தேதி ஆள் வருது" என்ற விரட்டல் மட்டும் உபரி.

சட்டம் யார் பக்கம்?

2017-ல் தமிழ்நாட்டில் வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றி ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. எந்த வேலை யார் பொறுப்பு என்று அதன் அட்டவணையில் பிரித்தே போட்டிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு, ஜன்னலுக்கு பெயிண்டு அடிப்பதும் வீட்டுச் சொந்தக்காரர் பட்டியலில்தான் வருகிறது. நாள்பட குடியிருப்பதால் சாதாரணமாக வரும் தேய்மானமும் குடித்தனக்காரர் குற்றம் ஆகாது.

ஆனால் ஒரு ஓட்டை உண்டு. ஒப்பந்தத்தில் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டுக்குப் பிடிக்கப்படும்" என்று எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டால் வழக்கு சிக்கல்தான். வீடு கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் அந்த வரியை யார் படிக்கிறார்கள்? வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய் முறையிடுவது?

வீட்டுக்காரர் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சமையல் கட்டில் எண்ணெய்ப் பிசுக்கு, பிள்ளைகள் சுவர் முழுக்க வரைந்த கிரேயான் ரெயில், துளை போட்டு டி.வி. மாட்டிய இடம். இதற்கெல்லாம் பணம் கேட்கலாம், தப்பே இல்லை. ஆனால் அந்தச் சுவருக்குக் கேட்க வேண்டும். பாத்ரூம் குழாய் கசிந்து பக்கத்து அறை சுவர் ஓதம் பூத்திருந்தால், அதைக் குடித்தனக்காரர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

பில்லைக் காட்டட்டும். பெயிண்டு வாங்கிய கடை பில், பெயிண்டருக்குக் கொடுத்த கூலி, எந்த அறைக்கு எவ்வளவு என்ற கணக்கு. அதில் சேதத்துக்கு உண்டான பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கட்டும். குடித்தனக்காரரும் சாமான் இறக்குவதற்கு முன்பே சுவர்களை செல்போனில் படம் பிடித்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பி வைக்கலாம். அதற்கு 5 நிமிடம்கூட ஆகாது.

சாமான் வண்டி புது வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. உள்ளே பெயிண்டு வாசனை. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை நீட்டுகிறார், "வழக்கமா எழுதுறதுதான், போடுங்க கையெழுத்து" என்று. 7-வது வரியில் அதே ஒரு மாத வாடகை!