சுவர் யாருக்குச் சொந்தம்?

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நரிக்குடி வட்டாரத்தில் சுண்ணாம்பு வாளிகள் இரவில் நடமாடத் தொடங்கிவிடும். அடுத்தவர் வீட்டுச் சுவரில் வெள்ளையடித்து, மூலையில் கட்சியின் பெயரையும் தேர்தல் ஆண்டையும் எழுதிவிட்டால், அந்தச் சுவர் 'பிடிக்கப்பட்டதாக' அர்த்தம்.

ஊரில் தனியாக வசிக்கும், எனக்கு அத்தை முறையாகும் ஒருவரிடம் அனுமதி கேட்டார்களா என்று விசாரித்தேன். "யாருப்பா கேட்டா? விடிஞ்சு பார்த்தா எழுதிக் கிடக்கு. அழிச்சா இவங்க பகை, விட்டா அவங்க பகை" என்றார்.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுவிடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழகத்தில் 1959-லேயே வந்துவிட்டது. உரிமையாளரின் அனுமதியின்றிச் சுவரில் எழுதக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகளும் கூறுகின்றன. ஆனால், புகார் கொடுக்க வேண்டியவர் தனியொருவராக இருக்கும்வரை சட்டம் தாளில்தான் இருக்கும்.

பொருளியல் நோக்கில் இது எளிய கணக்கு. எழுதுபவருக்கு ஆதாயம், அழிக்கும் செலவும் மன உளைச்சலும் வீட்டுக்காரருக்கு. விலையில்லாப் பொருள் வரம்பின்றிப் பயன்படுத்தப்படும். தினக்கூலிக்குத் தூரிகை பிடிக்கும் ஓவியரைத் தண்டிப்பதால் பயனில்லை. எழுதச் சொன்னவரின் ஆதாயத்தை இல்லாமல் செய்வதே வழி.

நியூயார்க் சுரங்க ரயில் நிர்வாகம் 1984-இல் அதைத்தான் செய்தது. சுத்தம் செய்யப்பட்ட பெட்டியில் மீண்டும் கிறுக்கினால், அதை அழிக்கும்வரை பெட்டியை ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தது. 1989 மே மாதத்தில் கிறுக்கல் கொண்ட கடைசி ரயிலும் சேவையிலிருந்து விலக்கப்பட்டது.

கிறுக்கலின் தீங்கு சுவரோடு முடிவதுமில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், மிதிவண்டிகளில் துண்டுப் பிரசுரங்கள் மாட்டப்பட்டன. எதிரே சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதத்தினர் அவற்றைத் தெருவில் எறிந்தனர். சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதத்தினர். ஒரு விதிமீறல் மற்றொன்றை அழைத்து வருகிறது. சாதி அடையாள வண்ணங்கள்கூடப் பூசலுக்கு விதையாகும் நம் பகுதியில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சுவர் எழுத்து ஏழைக் கட்சிகளின் ஊடகம், ஓவியர்களின் பிழைப்பு என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆகவே முழுத் தடை தேவையில்லை. ஊராட்சி சில சுவர்களை ஒதுக்கி, எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே கட்டணத்தில் தரலாம். பள்ளி, அங்கன்வாடிச் சுவர்களில் ஓவியம் தீட்டும் பணியை உள்ளூர் ஓவியர்களுக்கே வழங்கலாம். சென்னை கண்ணகி நகரில் மாநகராட்சியும் கலைஞர்களும் 2020-இல் கைகோத்தபோது, குடியிருப்புச் சுவர்களே ஓவியங்களாயின.

மற்ற சுவர்களுக்கு இரண்டு தீர்மானங்கள் போதும். அனுமதியில்லை என்று வீட்டுக்காரர்கள் அனைவரும் சேர்ந்து எழுதித் தர வேண்டும். மீறி எழுதினால், எந்தக் கட்சி என்று பாராமல், இரண்டு நாள்களுக்குள் ஊராட்சி அழித்து, பயனடைந்தவரிடம் செலவை வசூலிக்க வேண்டும்.

2025 ஜனவரியில் விருதுநகர் மாவட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. ஆனால், கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் ஊரே கை உயர்த்தினால், என் அத்தை யாருடைய பகைக்கும் தனியாக அஞ்ச வேண்டியிருக்காது.