எழுதாத இசை யாருக்குச் சொந்தம்?

மடிக்கணினி, சிறிய கீபோர்டு, ஹெட்போன். இவை இருந்தால் ஓர் இளைஞர் தம் வீட்டு அறையிலேயே ஒரு முழுப் பாடலை உருவாக்கிவிட முடிகிறது. வயலின் வரிசையும் தாள ஒலிகளும் மென்பொருளுக்குள்ளேயே இருக்கின்றன. பாடல் பிறந்து, இணையத்தில் ஏறி, கேட்பவரின் செவியைச் சென்றடையும் வரை ஐந்து கோடுகளின் மீது ஒரு சுரத்தைக்கூட எழுத வேண்டிய தேவை அவருக்கு நேர்வதில்லை. அப்படியானால், மின்னணு இசைக்கலைஞர்கள் நொட்டேஷன் எனப்படும் இசைக்குறியீட்டை எழுதவும் படிக்கவும் கற்கத்தான் வேண்டுமா?

இசைத் துறையினர் பெரும்பாலும் இதைத் தகுதி பற்றிய கேள்வியாகவே விவாதிக்கின்றனர். முறையாகப் பயின்றவர்கள், குறியீடு அறியாதவரை அரைகுறை என்கின்றனர். கருவி விற்பவர்களோ, எல்லாம் விரல் நுனிக்கு வந்துவிட்ட பிறகு பழைய சுமை எதற்கு என்கின்றனர். (விற்பவரின் ஆலோசனையைச் சற்றுத் தள்ளி நின்றே கேட்க வேண்டும் என்று மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் சொல்லி வந்தவன் நான்.) பொருளியல் ஆசிரியனாக இருந்த எனக்கு இக்கேள்வி வேறு உருவில் தெரிகிறது. இசைக்குறியீடு என்பது ஒருவர் மனத்தில் உள்ள இசையை மற்றொருவரின் கைக்கு மாற்றுவதற்கான ஏற்பாடு. ஆகவே, இசை எந்தக் கட்டத்தில் கை மாறுகிறது, அப்போது குறியீடு இல்லாமையின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையே நாம் கேட்க வேண்டும்.

படைக்கும் கட்டத்தில் அதன் தேவை குறைவு என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஐந்துகோட்டு முறையில் அடங்காதவையே மின்னணு இசையின் உயிர். ஓர் ஒலி மெல்லக் கரகரப்பாவதையோ, கூர்மை மழுங்கித் தேய்வதையோ குறிக்க அம்முறையில் இடம் மிகக் குறைவு. இச்சிக்கல் நமக்குப் புதிதும் அன்று. கமகத்தை எப்படி எழுதுவது என்று சுப்பராம தீட்சிதர் போராடியிருக்கிறார். 1904இல் எட்டயபுரத்தில் வெளியான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமக வகைகளுக்கெனத் தனிக் குறிகளை அவர் கையாண்டார். அரை நூற்றாண்டுக்குப் பின், ஜெர்மனியின் கொலோன் வானொலி நிலையத்தில் மின்னொலிகளை மட்டுமே கொண்டு ‘ஸ்டூடி 2’ என்ற படைப்பை 1954இல் உருவாக்கிய கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசனும் ஐந்து கோடுகளைக் கைவிட்டார். அதிர்வெண் மேலே, ஒலியளவின் ஏற்ற இறக்கம் கீழே, நேரம் ஒலிநாடாவின் சென்டிமீட்டர் கணக்கில் என ஒரு வரைபடத்தைத் தாமே அமைத்துக்கொண்டார். இருந்த எழுத்து போதவில்லை என்றபோது இருவரும் புதிய எழுத்தைத் தேடினர்.

இன்றைய கணினி இசையும் எழுத்தின்றி இயங்கவில்லை. 1983இல் நடைமுறைக்கு வந்த மிடி என்ற தரநிலை, ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண்ணைத் தருகிறது. திரையில் அவை நீண்டும் குறுகியும் கிடக்கும் பட்டைகளாகத் தெரிகின்றன. அந்தத் திரைக்குப் பியானோ ரோல் என்று பெயர். நூறாண்டுகளுக்கு முன் தானியங்கிப் பியானோவில் சுழன்ற, துளையிட்ட காகிதச் சுருளின் பெயர் அது. அந்தச் சுருள், மனிதர் படித்தறியும் வடிவில் இல்லாததால் பாடலின் பிரதி ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் தீர்ப்பளித்தது. அதாவது, சுருள் தயாரிப்பவர் இசையமைப்பாளருக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. மறு ஆண்டே புதிய சட்டம் இயற்றி அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இந்தியாவிலும் இதே கதை தாமதமாக நடந்தது. அச்சிலோ எழுத்திலோ வரைவடிவிலோ கொண்டுவரப்பட்ட மெட்டும் ஒத்திசைவுமே இசைப்படைப்பு என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வரையறுத்தது. செவிவழிக் கல்வியைப் பெருமையாகப் பேசும் நாடு, தாளில் இல்லாத இசைக்குச் சட்டத்தில் இடம் தராதது விந்தைதான். உரிமை பெறுவது உருக்கமான பாட்டோ இனிய குரலோ அல்ல, தாளில் பதிந்த மெட்டே என்று 1977இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யரும் சுட்டிக்காட்டினார். 1994ஆம் ஆண்டுத் திருத்தமே இதை மாற்றியது. குறியீட்டில் பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், இசையை இயற்றுபவரே இசையமைப்பாளர் என்று அது தெளிவாகச் சொன்னது. திரைப்பாடல் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் அவருக்குள்ள சமபங்கை, ஒப்பந்தம் போட்டுத் தயாரிப்பாளர் எடுத்துக்கொள்ள முடியாதபடி 2012ஆம் ஆண்டுத் திருத்தம் காத்தது.

சட்டம் குறியீட்டைக் கேட்கவில்லை. ஆயினும் உரிமையை நிலைநாட்டும்போது நிலைமை மாறுகிறது. ஒரே கணினியில் நால்வர் சேர்ந்து செய்த பாடலில் மெட்டு யாருடையது, தாளம் யாருடையது, யார் வெறும் ‘புரோகிராமர்’ என்பது பணம் வரத் தொடங்கிய பிறகே சண்டையாகிறது. மார்வின் கேயின் வழக்கை நினைத்துப் பார்க்கலாம். 1977இல் வெளிவந்த அவரது பாடலை 2013இல் வந்த ‘பிளர்ட் லைன்ஸ்’ பின்பற்றியதாக அவர் வாரிசுகள் வாதிட்டனர். அவருக்குச் சுரத்தாளைச் சரளமாகப் படிக்கத் தெரியாது. பதிவு அலுவலகத்தில் அளிக்கப்பட்ட தாளை அவர் தயாரிக்கவும் இல்லை. 2015இல் நடந்த விசாரணையில், 1978க்கு முந்தைய பழைய சட்டம் பொருந்தும் என்பதால், அந்தத் தாளில் உள்ளதற்கே உரிமை என்று நீதிபதி வரம்பு கட்டினார். மூல ஒலிப்பதிவை நடுவர் குழு கேட்கவில்லை. வாரிசுகள் வென்றார்கள், மேல்முறையீட்டிலும் 2018இல் வெற்றி பெரும்பாலும் நிலைத்தது. ஆனால், தந்தையின் இசை எதுவென்பதைப் பிறர் எழுதிய தாளைக் கொண்டே அவர்கள் நிறுவ வேண்டியிருந்தது.

இன்னும் அன்றாடமான செலவு ஒன்றுண்டு. கணினி வயலின் போதாமல், நாற்பது பேர் வாசிக்கும் உண்மையான வயலின் வேண்டும் என்ற நிலை பல இசையமைப்பாளர்களுக்கு வருகிறது. புடாபெஸ்ட், ஸ்கோப்யே போன்ற நகரங்களின் இசைக்குழுக்களை நம் திரைத்துறையினர் இணையவழியே அமர்த்துகின்றனர். கட்டணம் மணிக்கணக்கில். அங்கே முணுமுணுத்துப் பாடிக் காட்ட நேரமில்லை. மென்பொருளே சுரத்தாளை அச்சிட்டுவிடுமே என்பர். மிடியில் 61 என்ற எண், சி ஷார்ப்பையும் குறிக்கும், டி ஃபிளாட்டையும் குறிக்கும். எதை எழுதினால் வாசிப்பவர் தடுமாறமாட்டார் என்பது இயந்திரத்துக்குப் பல நேரம் விளங்குவதில்லை. விரல் இம்மியளவு முந்தியிருந்தால் தாளில் தேவையற்ற இடைவெளிகள் முளைக்கும். வில்லை எங்கே மாற்றுவது, குழலூதுபவர் எங்கே மூச்சு வாங்குவது என்பனவும் அதில் இரா.

ஆகவே அரேஞ்சர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். அதில் தவறில்லை, குண்டூசித் தொழிற்சாலையைக் காட்டி ஆடம் ஸ்மித் விளக்கிய வேலைப் பகிர்வுதான் அது. ஆனால் அத்தாளைப் படிக்கத் தெரியாத இசையமைப்பாளரால், அரேஞ்சர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று பதிவுக்கு முன் அறிய முடியாது. சரக்கைச் சோதிக்கத் தெரியாதவர் விலை பேசும் நிலை அது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை ராயல் பில்ஹார்மானிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையெழுத்தைப் பயின்ற அவர், தம் மனத்தில் ஒலித்ததை முன்பின் அறியாத கலைஞர்களிடம் தாளின் வழியே நேரடியாக ஒப்படைக்க முடிந்தது.

நீண்டகாலப் பாதுகாப்பையும் இதோடு சேர்த்தே எண்ணுகிறேன். 2002இல் எமாஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியதும், லாஜிக் மென்பொருளின் விண்டோஸ் வடிவம் நிறுத்தப்பட்டது. அதில் உழைத்தவர்கள் கணினியை மாற்ற வேண்டும் அல்லது மென்பொருளை மாற்ற வேண்டும். சுப்பராம தீட்சிதரின் பக்கங்களைத் திறக்க எந்த நிறுவனத்தின் அனுமதியும் இன்று தேவையில்லை.

நடன அரங்குகளுக்காகத் தனியே இசை செய்து, தாமே இயக்கி முடிப்பவருக்கு இவை எதுவும் வேண்டாம். அவரை வற்புறுத்துவது வீண். திரைக்கும் விளம்பரத்துக்கும் பிறரோடு சேர்ந்து உழைக்கப் போகிறவர், எழுதுவதில் தேர்ச்சி பெறாவிட்டாலும், தம் பாடலின் சுரத்தாளைப் படித்துத் திருத்தும் அளவுக்காவது கற்றிருக்க வேண்டும். நம் அரசு இசைக் கல்லூரிகள் கணினி இசை செய்யும் இளைஞர்களுக்கென மாலை நேரக் குறுகியகால வகுப்பு ஒன்றைத் தொடங்கலாம். பாதி நேரம் சுரத்தாளுக்கு. மறுபாதி, ராயல்டி ஒப்பந்தம் ஒன்றை வரிவரியாகப் படித்துப் பார்ப்பதற்கு.