பனிச்சறுக்குக்கு ஒரு பவுன்

"அப்பத்தா, காஷ்மீர் போய் பனிச்சறுக்கு கத்துக்கணும்" என்றாள் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி. "காரைக்குடி வெயில்ல கிடந்துக்கிட்டு, காசைப் பனியில கொட்டுறதா?" என்று வீடே சிரித்தது.

விசாரித்துப் பார்த்தேன். சறுக்குப் பலகை, பூட்ஸ் எதையும் வாங்க வேண்டியதில்லையாம். குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத் துறையின் பயிற்சி நிலையத்திலும், உத்தரகண்ட் ஆலியில் அம்மாநில அரசு நிறுவனம் நடத்தும் பயிற்சியிலும் கட்டணத்துக்குள்ளேயே தருகிறார்கள். ரயில் செலவும் கம்பளி உடுப்பும்தான் நம் பாடு.

ஆரம்பிப்பதைவிட, தொடர்வதில்தான் செலவு. குல்மார்க் பக்கத்து ஆரிஃப் கானே பணமில்லாமல் 2018 குளிர்கால ஒலிம்பிக்கைத் தவறவிட்டு, 2022-ல்தான் பெய்ஜிங் போனார். நம்ம சென்னை பவானி தேவி மூங்கில் குச்சியில் வாள்வீச்சு பழகியவர். மகளுக்காக அவர் அம்மா நகையை அடகு வைத்தார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் இந்தியர் அந்தப் பெண்தான்!

எல்லா அம்மாவிடமும் அடகு வைக்க நகை இருக்குமா? கல்லூரி கட்ட அள்ளிக் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் ஊர் இது. பெண்பிள்ளைகளின் விளையாட்டுக்கும் வசதி உள்ளவர்கள் ஓர் அறக்கட்டளை வைக்கலாமே!

பேத்தியின் கல்யாண நகையில் ஒரு பவுனைக் குறைத்துவிட்டேன். வருகிற பனிக்காலத்தில் அவள் குல்மார்க் போகிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், தோழிகளே?

– ஒரு வாசகி, காரைக்குடி.