யாருடைய சுதந்திரம்?

நாடுகளைப் பொருளாதார சுதந்திரத்தின் அளவால் வரிசைப்படுத்தும் பட்டியலொன்றை வாஷிங்டனிலுள்ள ஹெரிடேஜ் பவுண்டேஷன் என்னும் ஸ்தாபனம் 1995-ம் ஆண்டு முதல் வெளியிட்டு வருகின்றது. 2019 வரை அதில் முதலிடம் ஹாங்காங்கினுடையது; 2020-ல் அவ்விடம் சிங்கப்பூருக்குக் கிட்டியது. சுதந்திரம் பெருகினால் சுபிட்சமும் பெருகுமென இதைக் காட்டிப் பேசுவோர் பலர். அது முழுப் பொய்யென நாம் சொல்ல வரவில்லை. தடையற்ற துறைமுகமும், கைக்கூலி வாங்காத சுங்கமும், ஒப்பந்தத்தைக் காக்கும் நீதிஸ்தலமும் இல்லாத நாட்டில் செல்வம் சேர்வது அரிது.

ஆனால் அப்பட்டியலில் ‘தொழிற் சுதந்திரம்’ என்றொரு பகுதி உண்டு. ஆளை வேலையினின்றும் நீக்குவது கடினமாயின் நாட்டின் புள்ளி குறையும். குறைந்தபட்சக் கூலி உயர்ந்தாலும் குறையும்! இது யாருடைய சுதந்திரம்?

சிங்கப்பூர் 1819 முதல் வரியற்ற துறைமுகம். மலாயாவின் ரப்பர் அவ்வழியே உலகச் சந்தைக்குச் சென்றது. அந்த மரத்தில் பால் வெட்டியவனுக்கு இருந்த சுதந்திரம் எவ்வளவு? 1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டனர். அதோடு நின்றார்களா? துரைமாரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், உற்றார் தோட்டத்துக்கு வந்துபோகத் தடை கூடாது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டனர். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். சரக்குக்கு இருந்த வழி மனிதனுக்கு இல்லை.

தோட்டத்தில் வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போனால் லயமும் போகும். அன்று மாலை பெண்டு பிள்ளைகளோடு எங்கே தங்குவதென அஞ்சுபவன் கூலிக்குப் பேரம் பேசுவானா?

பட்டியலின் முதல்வனாகிய சிங்கப்பூர் செய்ததைப் பாருங்கள். 1955-ல் சேமநிதி, 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1966-ல் நிலம் எடுக்கும் சட்டம். நிலச் சொந்தக்காரரின் சுதந்திரத்தை அரசாங்கம் வெட்டிக் குறைத்தது. நூற்றுக்குச் சற்றேறக்குறைய எண்பது பேர் குடியிருப்பது அக்கழகத்தின் வீடுகளில். வேலை மாறினாலும் தொழிலாளியின் வீடும் சேமநிதியும் அவனோடிருக்கும். சந்தையைப் போற்றுவோர் இதை ஏனோ உரக்கச் சொல்வதில்லை.

இன்று மலேசியத் தோட்டங்களில் செம்பனைக் குலை அறுக்க வரும் பிறநாட்டாரின் அனுமதிச் சீட்டு ஒரு முதலாளியோடு கட்டுண்டது, விலகினால் சட்டவிரோதியாவர். அவர்களை ‘வந்தேறிகள்’ என்று இகழும் நம்மவர், தம் பாட்டன் எந்தக் கங்காணியின் கடனில் கப்பலேறினான் என்று விசாரித்ததுண்டா?