வாத்தின் இறகும் வளர்ப்போர் கடனும்

உலகப் பற்றில் ஒட்டாது வாழும் பெரியோர்க்குத் தாமரையிலைத் தண்ணீரை உவமை கூறுதல் நம் நாட்டு வழக்கு. ஆங்கிலேயரோ, கூறிய அறிவுரை எதுவும் மனத்திற் பதியாதானைக் குறித்து, வாத்தின் முதுகில் ஊற்றிய நீர் என்பர். ஒன்று புகழ், மற்றொன்று பெரும்பாலும் இகழ். எனினும் இரண்டிற்கும் அடிப்படையாய் நிற்கும் இயற்கை ஒன்றே. அவ்வியற்கை யாதென்பதையும், அதனை உணராது வாத்து வளர்ப்போர் அப்பறவைக்கு இழைக்கும் தீங்கு யாதென்பதையும் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு வாத்தோடு என்ன உறவு என வினவும் நண்பரும் இருக்கலாம். அன்னத்தையும் அன்றிலையும் பற்றி ஆண்டு முழுதும் பாடங்கேட்கும் நாம், கொல்லையில் நிற்கும் பறவையை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் குற்றமாகாது என அவர் பொறுத்தருள்வாராக.

எம் ஊராகிய அறந்தாங்கி கண்மாய்களை நம்பி வாழும் நாட்டின்கண் உள்ளது. 1934-இல் மேட்டூர் அணையோடு உருப்பெற்ற கல்லணைக் கால்வாயின் கடைமடையும் இவ்வட்டத்து நாகுடிப் பக்கத்ததே. ஐப்பசி கார்த்திகை மழையிற் கண்மாய் நிறையும், சம்பா விளையும், தை மாசியில் அறுவடை முடிந்ததும் வாத்து மேய்ப்போர் நூற்றுக்கணக்கான வாத்துக்களை ஓட்டிவந்து அரிதாள் நின்ற வயல்களில் விடுவர். சிந்திய நெல்லும் வயல் நத்தையும் அவற்றிற்கு உணவு. அம்மந்தைகளின் இறகைப் பேணுவார் ஒருவருமிலர். ஆயினும் அவ்விறகு மழையில் நனைவதில்லை, வெயிலில் ஒளிர்கின்றது. வீட்டில் அன்போடு வளர்க்கப்படும் வாத்தோ பலவிடங்களில் நனைந்த கோழிபோல் ஒடுங்கி நிற்கக் காண்கின்றோம். பேணாதது செழிக்கப் பேணியது வாடுவானேன்?

இறகின் அமைப்பை நோக்குவார்க்கு விடை புலனாகும். இறகின் நடுவே ஓடும் ஈர்க்கினின்று இருபாலும் மெல்லிய கிளைகள் பிரிகின்றன. ஒவ்வொரு கிளையினின்றும் கண்ணுக்கு எளிதிற் புலனாகாத நுண்கிளைகள் பிரிகின்றன. அவற்றில் உள்ள சிறு கொக்கிகள் அடுத்த கிளையின் நுண்கிளைகளைப் பற்றிக்கொள்ள, இறகு முழுதும் நெருங்க நெய்த ஆடை போலாகின்றது. இழைகளினிடையே காற்று சிறைப்பட்டு நிற்கின்றது. மேலே விழுந்த துளி அக்காற்றின்மேல் தங்கி, உருண்டு ஓடிவிடுகின்றது. உள்ளிருக்கும் மென்தூவி உலர்ந்தவாறே இருந்து உடலின் வெம்மையைக் காக்கின்றது.

வாலின் அடியில், முதுகுப்புறத்தே, இரு பிளவாய் அமைந்த எண்ணெய்ச் சுரப்பி ஒன்று வாத்திற்கு உண்டு. வாத்து நீராடிக் கரையேறியதும் அலகை அங்கே தேய்த்து, அந்நெய்யை இறகெங்கும் பூசுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். இதனைக் கண்டே, வாத்து நனையாமைக்கு நெய் ஒன்றே காரணம் என மக்கள் முடிவு செய்தனர். ஆனால் 1944-இல் லீட்ஸ் நகரத்துக் கம்பளி ஆராய்ச்சிக் கழகத்தினராகிய காசி, பாக்ஸ்டர் என்னும் இருவர், துணியை நனையாததாக்கும் வழி தேடுங்கால் வாத்தின் இறகையும் அளந்து கணக்கிட்டனர். நுண்ணிழைகளின் பருமனும் அவற்றிடையே உள்ள வெளியும் பொருந்திய ஒழுங்கே நீரைத் தடுப்பதிற் பெரும்பங்கு கொள்வது என அவர் காட்டினர். தாமரையிலையின் நுண்மேடுகளும் அத்தகையனவே என்பதை 1997-இல் ஜெர்மானிய அறிஞர் பார்த்லாட்டும் நைன்ஹுயிசும் விளக்கினர். நம் உவமையும் ஆங்கிலேயர் உவமையும் இங்ஙனம் ஒரு குடிப்பிறந்தன!

அங்ஙனமாயின் நெய் வீணோ எனின், அன்று. அஃது இறகை வறண்டு முறியாமற் காக்கின்றது. சுரப்பியை அணுகவொட்டாது தடுக்கப்பட்ட வாத்தின் இறகு சில திங்களிற் சீர்கெடும் என்பது ஆய்ந்து கண்ட உண்மை. எனினும் நெய்யைப் பூசுமுன் நிகழ்வதே முதன்மையானது. வாத்து நீரில் தலையை அமிழ்த்தி, நீரை வாரி முதுகில் எறிந்து, சிறகடித்து அழுக்கைப் போக்குகின்றது. பின்னர் அவிழ்ந்த இழைகளை ஒவ்வொன்றாய் அலகால் நீவிக் கொக்கிகளைக் கோத்துவிடுகின்றது. நீரின்றி இத்தொழில் தொடங்குவதற்கே இடமில்லை. கோழி புழுதியாடித் தூய்மை பெறும். வாத்து நீராடியே பெறும்.

இனி வளர்ப்போர் செயலைக் காண்போம். சித்திரை வைகாசியிற் கண்மாய் வற்றுகின்றது. மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படினும், கடைமடைக்கு நீர் வந்து சேரப் பன்னாள் ஆகும். அதுவரை வீட்டு வாத்திற்குக் கிடைப்பது குடிக்க ஒரு தட்டு நீர். தாகத்தால் அன்று, உடல் அரிப்பால் அது நீரைத் தேடி, அடுப்படி நீர் வடியும் பள்ளத்தில் இறங்குகின்றது. அங்கே பாத்திரம் விளக்கிய சவுக்காரமும் குழம்பின் கொழுப்பும் மிதக்கும். சவுக்காரம் இறகின் நெய்யைக் கரைக்கும். கொழுப்பு இழைகளை ஒட்டவைத்து இடைவெளியை அடைக்கும். வீட்டார் அதன் அழுக்கைக் கண்டு இரங்கி, மீண்டும் சவுக்காரமிட்டுக் குளிப்பாட்டுவர்! இறகு மங்கியதென்று தேங்காயெண்ணெய் தடவும் அன்பரையும் யாம் அறிவோம்.

எண்ணெய் பூசின் இறகு என்னாகும் என்பதற்குத் தமிழ்நாடு பெரிய சான்றொன்று கண்டது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிற்று. கூழைக்கடாக்கள் உடலெங்கும் கறை படிந்து நின்ற காட்சியைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. எண்ணெய் தோய்ந்த இறகில் இழைகள் ஒட்டிக் காற்று வெளியேறும். நீர் தோல்வரை புகும். பறவை குளிரால் நடுங்கும், மிதக்கவும் இயலாது. கடலிற் கப்பல் எண்ணெய் செய்வதைக் கொல்லையிற் கையளவு தேங்காயெண்ணெய் சிறிய அளவிற் செய்கின்றது.

நீந்துதற்கு நீர் வேண்டுவதில்லை, தலை அமிழும் ஆழமுள்ள கலம் போதும் என வாத்துப் பண்ணை நூல்கள் கூறுகின்றனவே எனச் சிலர் மறுக்கக்கூடும். அந்நூல்கள் முட்டையின் வரவைக் கணக்கிட்டு எழுதப்பட்டவை. அவ்வளவில் அவை பொய்யல்ல. ஆயினும் தலையமிழும் ஆழம் என்னும் அச்சிறு விதியையேனும் நம் வீட்டுத் தட்டுகள் நிறைவேற்றுகின்றனவா? அவ்வாழமும் இல்லையேல் வாத்தின் கண்ணில் பொருக்குக் கட்டும் என்றும் அவையே எச்சரிக்கின்றன. ஐரோப்பிய மன்றம் 1999-இல் வகுத்த பரிந்துரை, தலையை நீர் மூடவேண்டும் என்பதோடு, அலகால் முகந்த நீரை உடல்மேல் எறிந்துகொள்ளவும் இயலவேண்டும் என்கின்றது. வருவாய் கருதி வளர்ப்பாரிடத்தே இவ்வளவு எதிர்பார்க்கப்படின், அன்பு கருதி வளர்ப்பார் அதனிற் குறைத்தல் எங்ஙனம் பொருந்தும்? எம் கருத்து, வாத்து உடல் முழுதும் இறங்கத்தக்க தொட்டி வேண்டும் என்பதே.

இதற்குப் பெருஞ்செலவில்லை. ஓரடி ஆழமுள்ள சிமெண்டுத் தொட்டியோ, பழைய அகன்ற அண்டாவோ போதும். ஏறி இறங்கச் செங்கல் இரண்டு வைக்கவேண்டும். நீரை நாள்தோறும் மாற்றுதல் இன்றியமையாதது. வாத்து அதனை அரைநாளிற் சேறாக்கிவிடும். அந்நீரை வாழைக்குப் பாய்ச்சினால் வாழை வாழ்த்தும். இரவில் தங்குமிடத்து வைக்கோல் உலர்ந்திருத்தல் வேண்டும், எச்சம் தோய்ந்த ஈரப்படுக்கை ஒருநாள் நீராட்டின் பயனை ஓரிரவில் அழிக்குமாதலின்.

குஞ்சுகளின் திறம் வேறு. நம்மூரில் வாத்து முட்டையைக் கோழியின் அடைக்கு வைப்பது வழக்கம். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். குஞ்சின் மென்தூவி எளிதில் நனைந்து உடல் குளிரும்; அணைக்கும் தாய்க்கோழியோ நீருக்கு அஞ்சுவது. ஆகலின் முதற்சில வாரங்கள் ஆழமற்ற நீரிற் சிறிதுபோது விட்டு, உடனே வெயிலில் உலர்த்தவேண்டும். குஞ்சு நீந்தும் அழகைக் காணவேண்டி மாலையிற் குளத்தில் விட்டு, மறுநாட் காலையில் அதனைப் புதைத்த வீடுகள் பல.

இறகும் உணவால் ஆவதே. ஆண்டுதோறும் வாத்து இறகு உதிர்க்கும். அக்காலத்துச் சிறகின் பேரிறகுகள் ஒருங்கே வீழ்ந்துவிடும். புதிய இறகு முளைக்கப் புரதம் மிகுதியும் வேண்டும். வெறும் நொய்யும் தவிடும் அதற்குப் போதா. நத்தையும் மீன் கழிவும் சேர்த்தளித்தல் நன்று. கடலைப் பிண்ணாக்கும் நல்லதே. பூசணம் பிடித்ததை மட்டும் கனவிலும் இடலாகாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு நூறாயிரத்திற்கு மேற்பட்ட வான்கோழிகளை மாய்த்தது அத்தகைய பிண்ணாக்கின் நஞ்சே. வாத்துக்குஞ்சு அந்நஞ்சிற்கு இன்னும் எளிதில் இரையாகும்.

கண்மாய்ப் படித்துறையைப் பற்றியும் ஒருசொல் உண்டு. துணி வெளுக்கும் சவுக்காரத் தூள் நுரைத்து நிற்கும் மூலையில் வாத்து இறங்கின், அதன் இறகு கருத்து நனைவதைக் கூர்ந்து நோக்குவார் காணலாம். நல்ல நீரில் முத்துப்போல் உருளும் துளி அங்கே இறகிற் பரவிவிடுகின்றது. நீரின் தூய்மையை அறியக் கருவி தேடும் விஞ்ஞான மாணவ நண்பர் அப்பறவையின் முதுகையும் ஒருமுறை நோக்குவாராக. துவைப்போர்க்கென்று கரைக்கப்பால் ஒரு கல்லும், நீர் வடிந்து நிலத்திற் சுவறும் குழியும் அமைத்தல் ஊராட்சிக்கு அரிய செயலன்று.

மாடியும் கூடமும் மட்டுமே உடைய நகர வீட்டார் சந்தையில் மஞ்சட்குஞ்சின் அழகிற்கு மயங்கி வாங்கிச் செல்வதை யாம் ஒப்பமாட்டோம். தொட்டிக்கு இடமில்லாதார் கோழி வளர்க்கலாம்; அதற்கு வேண்டுவது புழுதி. எம் ஊரில் அதற்கு எக்காலத்தும் பஞ்சமில்லை.