கரடி விடவில்லை சார்!

தமிழர்களாகிய நாம் கரடிக்குச் செய்திருக்கிற அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருத்தன் பொய் சொன்னால் 'கரடி விடுறான்' என்கிறோம். வேண்டாத நேரத்தில் யாராவது வந்து நின்றால் 'சிவபூஜையில் கரடி'. (அது மிருகமே இல்லை, அந்தப் பேரில் ஒரு வாத்தியம் என்று சொல்பவர்களும் உண்டு.) ஆனால் நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் நிஜமாகவே கோயிலுக்குள் கரடி வருகிறது. சாமி கும்பிட அல்ல, விளக்கு எண்ணெய் குடிக்க! கதவை உடைத்து, குடித்து முடித்து, சி.சி.டி.வி.க்கு முகத்தையும் காட்டிவிட்டுப் போய்விடுகிறது.

அதை வண்டியூரில் உட்கார்ந்து செல்போனில் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். ஆனால் இந்த வாரம் சொல்ல வந்தது வேறு கேமரா. காட்டுக்குள் ஆளே இல்லாமல் மரத்தில் கட்டிவைத்துவிட்டு வருகிற தானியங்கிக் கேமரா.

முழங்கால் உயரத்தில் சிவனே என்று கிடக்கும். உடம்புச் சூட்டோடு எதுவாவது குறுக்கே நடந்தால் 'க்ளிக்'. தேதியும் மணியும் படத்திலேயே விழுந்துவிடும். 2018 புலிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 26,838 இடங்களில் இப்படி வைத்தார்கள். மொத்தப் படம் 3 கோடியே 48 லட்சத்துக்கு மேல். அதில் புலி இருந்தது 76,651-ல்தான். பி.காம். புத்தி உடனே, 'மீதியெல்லாம் நஷ்டக் கணக்கா?' என்று கேட்கும். அந்த மீதியில்தான் சார் காடே இருக்கிறது! மான், பன்றி, யானை, நடுவே நம்ம கரடிக் குடும்பம்.

குடும்பம் என்றதும் அப்பாவைத் தேடாதீர்கள். பிள்ளை வளர்ப்பு முழுக்க அம்மா இலாகா. பெரும்பாலும் குளிர்காலத்தில் குகைக்குள் ஒன்றோ இரண்டோ குட்டி பிறக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து, இங்கே வெயில் ஏறி இலுப்பைப் பூ உதிர்கிற சமயத்தில் வெளியே கூட்டிவருவாள். எப்படி? முதுகில் உப்புமூட்டை! தாயின் நீண்ட முடியை இறுகப் பிடித்துக்கொண்டு குட்டிகள் சவாரி போகும். குட்டியை இப்படி வழக்கமாகச் சுமப்பது கரடி இனங்களில் நம்ம ஊர்க் கரடி மட்டும்தான். அம்மாவுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியாகப் புற்று மண்ணை 'புஸ்' என்று ஊதித் தள்ளி, கரையானை 'சர்'ரென்று உறிஞ்சிவிடுவாள்.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கும் ஒரு கரடி வந்ததுண்டு. மூக்கில் கயிறு. பயந்தாங்கொள்ளிப் பிள்ளைகளை அதன் முதுகில் உட்காரவைத்து இறக்குவார்கள். முடி ஒன்றைப் பிடுங்கித் தாயத்தில் அடைப்பார்கள். எங்கள் பயம் போச்சு. கரடியின் பயத்துக்கு எவன் தாயத்து கட்டினான்? 1972-ன் வனவிலங்குச் சட்டம் வந்தும் பல வருஷம் அந்த ஆட்டம் ஓயவில்லை. தெருவில் ஆடிய கடைசிக் கரடியையும் மீட்டாகிவிட்டது என்று வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பு 2009-ல் சொன்னது.

சரி, கயிறு போய்க் கேமரா வந்துவிட்டது; கரடி பிழைத்தது என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ஈலி என்று ஒரு ஊர். அங்கே லில்லி என்ற கருங்கரடியின் குகைக்குள் லின் ரோஜர்ஸ் என்ற ஆய்வாளர் கேமரா வைத்தார். 2010 ஜனவரி 22-ல் அது குட்டி போட்டதை இணையத்தில் உலகமே நேரடியாகப் பார்த்தது. குட்டிக்கு ஹோப், அதாவது 'நம்பிக்கை' என்று பேர். அடுத்த வருஷம் செப்டம்பரில், வேட்டை சீசனில், ஒரு வேட்டைக்காரர் அந்த நம்பிக்கையைச் சுட்டுவிட்டார். அங்கே கரடி வேட்டைக்குச் சட்டத்தில் இடமுண்டு. இத்தனை கண் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஒரு கண்ணாலும் தடுக்க முடியவில்லை.

இங்கே சட்டப்படி கரடியைத் தொட முடியாது. ஆனால் நம் செல்போன் சும்மா இருக்கிறதா? தேயிலைத் தோட்டத்தில் கரடி தெரிந்தால் போதும், பத்துப் பேர் பின்னாலேயே ஓடுகிறார்கள். அதற்குப் பார்வை சுமார்தான். மோப்பம்தான் பலம். திடீரென்று பக்கத்தில் ஆளைக் கண்டால் பயத்தில் பாய்ந்துவிடும். முதுகில் குட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். படம் எடுத்தவன் தப்பி ஓடிவிடுவான். மறுநாள் அதே பாதையில் கொழுந்து பறிக்கவும் விறகு பொறுக்கவும் போகிற அம்மா, விரட்டுப்பட்ட கரடியின் எதிரில் போய் நிற்பாள்.

மரத்துக் கேமராவின் அருமை இங்கேதான் தெரிகிறது. அது துரத்தாது. 'இந்தப் பாதையில், இந்த மணிக்கு, குட்டியோடு ஒரு தாய் நடக்கிறாள்' என்று மட்டும் சொல்லும். அந்த ஒரு வரித் தகவல் தோட்டத்து லயன் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தால், அந்த அம்மாவும் பிழைப்பாள், இந்த அம்மாவும் பிழைப்பாள்.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் எங்கள் வண்டியூருக்கு வருவார். ராத்திரியெல்லாம் காத்துக்கிடப்போம். அவர் வந்ததும் முதலில் கேட்கிற சத்தம், 'வழி விடுங்கப்பா!' கரடி விஷயத்திலும் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். சத்தியமாகக் கரடி விடவில்லை சார், வழி விடச் சொல்கிறேன்!