உறக்கத்தில் வரும் வலிப்பும் உழைப்பவன் உரிமையும்



பட்டப்பகலில் ஒருவன் நடுத்தெருவில் வலிப்பு வந்து விழுகிறான். உடனே கூட்டம் கூடுகிறது. ஒருவர் சாவிக்கொத்தைத் தேடுகிறார். ஒருவர் சோடா வாங்க ஓடுகிறார். அவர்கள் செய்வது சரியோ தவறோ, பத்துப் பேர் பார்த்தார்கள். 'உனக்கு வலிப்பு வந்தது' என்று அவனிடம் சொல்லப் பத்து வாய்கள் இருக்கின்றன.

அதே வலிப்பு நள்ளிரவில், பாயில், உறக்கத்தில் வந்தால்? பார்ப்பவர் யார்? சொல்பவர் யார்? வந்தவனுக்கே அது தெரியாது! காலையில் எழுகிறான். தலை கனக்கிறது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது. நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கிறது. தலையணையில் இரத்தக் கறை. சில நாள் பாயும் நனைந்திருக்கிறது. "நேற்று மூட்டை அதிகம், அதனால்தான்" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான். பாய் நனைந்ததை வெளியே சொல்ல வெட்கம். சுருட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். இப்படியே மாதங்கள் போகின்றன. ஆண்டுகளும் போகின்றன.

இதை ஏன் இந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். இந்த நோய் ஒருவனுடைய வேலையைத் தொடுகிறது, கூலியைத் தொடுகிறது, கல்யாணத்தைத் தொடுகிறது, கடைசியில் உயிரையும் தொடுகிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் உள்ளவர்கள். நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இருப்பார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் எத்தனை பேர் நம் ஆலைகளில், நம் சங்கத்தில், நம் பக்கத்துப் பாயில்!

முதலில் பேரைப் பார்ப்போம். 'காக்காய் வலிப்பு' என்கிறோம். காக்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. 'கால் கை வலிப்பு' என்பது பேச்சில் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆயிற்று. கண்ணால் கண்டதை அப்படியே சொன்ன பெயர் அது. அதில் பேயும் இல்லை, சாபமும் இல்லை. பேயைக் கொண்டுவந்து சேர்த்தது பிற்பாடு பிழைப்பு நடத்தியவர்கள் வேலை.

கையில் இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கிறதே என்பார்கள். நிற்கிறது, உண்மை. இரும்பு கொடுக்காவிட்டாலும் நிற்கும்! பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடங்களில், மிஞ்சிப்போனால் மூன்று நிமிடத்தில், தாமாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பதற்குள் அந்த நேரம் கழிந்துவிடுகிறது. பெருமை சாவிக்குப் போகிறது. சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இது மூளையைப் பற்றிய நோய். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே, கிரேக்க நாட்டில் ஹிப்போக்ரட்டீஸ் வழிவந்த வைத்தியர்கள், 'இது தெய்வக் குற்றம் அன்று, மற்ற நோய்களைப்போல் இதுவும் ஒன்று, இதன் இடம் மூளை' என்று எழுதி வைத்தார்கள். மூளையின் உயிரணுக்கள் மிக நுண்ணிய மின்சாரத்தால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்த மின்சாரம் ஒரு கணம் கட்டுமீறிப் பாயும்போது உடல் வெட்டி இழுக்கிறது. பிறவியிலோ விபத்திலோ தலையில் பட்ட அடி, மூளையில் தங்கிய நாடாப்புழுவின் குட்டி, காய்ச்சல் விட்டுச்சென்ற தழும்பு எனக் காரணம் பல. காரணம் தெரியாத வலிப்பும் உண்டு.

சிலருக்கு இது ஏன் உறக்கத்தில் மட்டும் வருகிறது? உறங்கும்போது மூளை அணைந்துவிடுவதில்லை. அதன் மின்னோட்டம் வேறு தாளத்துக்கு மாறுகிறது. அந்தத் தாளத்தில் சிலருடைய வலிப்பு எளிதில் கிளம்பிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் தம்மிடம் வந்த நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இரவில் மட்டுமே வலிப்பு வருவதைக் கண்டார். 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னோட்டத்தைக் கருவியில் பதிவு செய்து, 1929இல் உலகுக்கு வெளியிட்டார். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் தலையில் கம்பிகள் ஒட்டி எடுக்கிறார்களே, அதுதான் அது. ஆனால் பகலில் விழித்திருக்கும்போது எடுத்த படம் சரியாக இருந்தும், இரவில் வலிப்பு வருவதுண்டு. ஆகவே டாக்டர்கள் சிலரை உறங்கவைத்தே படம் எடுக்கிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. உறங்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று அலறுகிறான், கைகால்களை வீசி அடிக்கிறான், எழுந்து உட்காருகிறான், அரை நிமிடத்தில் அடங்கி மறுபடி உறங்குகிறான். ஒரே இரவில் பலமுறைகூட இப்படி நடக்கலாம். நம் ஊரில் இதைப் பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள்? காத்துக்கருப்பு என்பார்கள், தாயத்து என்பார்கள், வேப்பிலை என்பார்கள். 1981இல் இத்தாலியின் பொலோனா நகர டாக்டர்கள் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, இது வலிப்பா, புதியதொரு உறக்கக் கோளாறா என்று அவர்களுக்கே ஐயம் இருந்தது. பிறகுதான் மூளையின் முன்பகுதியில் கிளம்பும் வலிப்பு என்று தெளிந்தது. கற்றவர்களே தடுமாறிய இடத்தில் வீட்டில் உள்ள தாயைக் குறை சொல்ல முடியுமா? உண்மை தெளிந்த பின்னும் தாயத்து விற்பவனைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இங்கேதான் நமக்கு, உழைப்பவர்களுக்கு, ஒரு பொறுப்பு வருகிறது. இந்த நோய்க்குச் சாட்சி நோயாளி அல்லன். பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனே சாட்சி! திருப்பூரில் பனியன் வேலைக்குப் போனவர்கள் ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் படுக்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள் தகரக் கொட்டகையில் வரிசையாகப் படுக்கிறார்கள். ஒருவனுக்கு இரவில் என்ன நடந்தது, எத்தனை நிமிடம் நடந்தது, எந்தக் கை முதலில் வெட்டியது என்பதை அவன் சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல முடியும். உங்கள் கைப்பேசியில் அரை நிமிடம் படம் பிடித்து, அதை அவனுக்கும் அவனுடைய டாக்டருக்கும் மட்டும் காட்டினால், பல மாத அலைச்சல் மிச்சமாகும். அதையே நாலு பேருக்கு அனுப்பிச் சிரித்தால், அவன் பிழைப்பில் மண் விழும். ஒரே கைப்பேசிதான், எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் தோழமை இருக்கிறது.

வலிப்பு வந்தால் என்ன செய்வது? சாவி வேண்டாம், கம்பி வேண்டாம். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் மெத்தென்று துணி வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூக்கும் வாயும் தலையணையில் புதையாமல் பாருங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். அடங்கிய பிறகு நினைவு தெளியும்வரை பக்கத்திலேயே இருங்கள். அவனை மேல்தட்டுக் கட்டிலிலோ, கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியிலோ படுக்கவிடாதீர்கள்.

பக்கத்தில் இருங்கள் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? கசப்பான உண்மை ஒன்று இருக்கிறது. வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர், வேறு காரணம் எதுவும் தெரியாமல், திடீரென்று இறந்துபோகிறார். பெரும்பாலும் இரவில், பெரும்பாலும் தனியாக இருக்கையில், பலமுறை குப்புறக் கிடந்த நிலையில். அடங்காத பெருவலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கே ஆபத்து அதிகம். மாத்திரையால் வலிப்பு அடங்கினால் ஆபத்து குறைகிறது. அறையில் மற்றோர் ஆள் இருந்தாலும் குறைகிறது. அச்சமூட்ட இதைச் சொல்லவில்லை. மறைத்து வைத்தால் மாத்திரையும் இல்லை, துணையும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ருஷ்ய நாட்டின் பேரெழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கிக்கு இந்த நோய் இருந்தது. தமக்கு வந்த வலிப்புகளை நாள் குறித்து எழுதி வைத்தார். அவற்றில் பல உறக்கத்தில் வந்தவை. 1878இல் அவருடைய கடைசி மகன், மூன்று வயது நிரம்பாத குழந்தை, வலிப்பிலேயே இறந்தான். அன்று டாக்டர்கள் கையில் இருந்தது 1857இல் தெரியவந்த புரோமைடு உப்பு ஒன்றுதான். இன்று அப்படியா? 1912இல் பினோபார்பிட்டோன் வந்தது. 1938இல் பெனிட்டாயின் வந்தது. அதன் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. பழைய மாத்திரைகள் விலை மலிவானவை. முறையான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும். ஆனால் ஏழை நாடுகளில் நாலில் மூன்று பேருக்கு அந்தச் சிகிச்சை கிடைக்கவில்லை. அன்று மருந்தே இல்லை. இன்று மருந்து இருந்தும் ஏழை வீட்டு வாசலுக்கு வரவில்லை!

ஏன் வரவில்லை? மாத்திரையை ஒருவேளைகூடத் தவறாமல், ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். நாட்கூலிக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. போன அன்று மாத்திரை தீர்ந்துவிட்டது என்றால் மறுபடி ஒரு நாள் போகிறது. இடையில் மருந்து நிற்கிறது. நின்றால் முன்னைவிடக் கடுமையாக வலிப்பு வருவதுண்டு. 'மருந்து பலிக்கவில்லை' என்று அவன் மீண்டும் மந்திரவாதியிடம் போகிறான்.

அடுத்தது, ராத்திரி ஷிப்டு. தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் முக்கியமான காரணம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாற்றி மாற்றி உழைப்பவனுக்கு மூளை எப்போது ஓயும்? அசதி தீரக் குடிப்பவனுக்கு அதுவும் சேர்ந்து கேடு செய்கிறது. சரி, மேஸ்திரியிடம் போய், "ஐயா, எனக்கு இரவில் வலிப்பு வருகிறது, பகல் ஷிப்டு கொடுங்கள்" என்று கேட்கலாமே? கேட்டால் பகல் ஷிப்டும் போகும், ராத்திரி ஷிப்டும் போகும்! 'வலிப்புக்காரன் வேண்டாம்' என்று கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். அதற்கு அஞ்சியே அவன் வாய் திறப்பதில்லை. எந்த ஷிப்டு நோயைக் கிளப்புகிறதோ, அந்த ஷிப்டிலேயே போய் நிற்கிறான்.

எச்சரிக்கை தேவையில்லை என்று நான் வாதாடவில்லை. உறக்கத்தில் மட்டும் வந்தது சிலருக்குப் பின்னாளில் விழிப்பிலும் வரக்கூடும். ஆகவே உயரத்தில், உலை வாயில், ஓடும் இயந்திரத்தருகே வேலை செய்யலாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்யட்டும். பிரிட்டனில் கார் ஓட்டும் விதியைப் பாருங்கள். விழிப்பில் ஒருமுறையும் இல்லாமல், உறக்கத்தில் மட்டுமே வலிப்பு வரும் நிலை ஓராண்டு உறுதிப்பட்டால், உரிமம் பெற வழியிருக்கிறது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் விதி மிகக் கடுமை. அதுவும் நியாயமே. நம் நாட்டில் உரிமம் கேட்பவர் தரும் உறுதிமொழிப் படிவம், வலிப்பு உண்டா என்று கேட்கிறது. உறக்கத்திலா விழிப்பிலா என்று கேட்பதில்லை. உண்மை சொன்னவனுக்குக் கதவு அடைபடுகிறது. பொய் சொன்னவன் வண்டி ஓட்டுகிறான். பொய்யை வளர்க்கும் விதி யாரைக் காப்பாற்றும்?

சட்டம் மாறாது என்று சோர்ந்துவிட வேண்டாம். 1976இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி வரும் பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்து, திருமணத்துக்குத் தடையான காரணமாக எழுதிவிட்டார்கள். 23 ஆண்டுகள் அது சட்டமாக இருந்தது. 1999இல் வலிப்பு என்ற சொல்லை நாடாளுமன்றம் நீக்கியது. சட்டப் புத்தகத்தில் அழிந்த அந்தச் சொல் நம் திண்ணையில் அழிந்ததா? பெண் பார்க்கப் போகும் இடத்தில், பிள்ளை விசாரிக்கும் இடத்தில், இன்னும் அது பழிச்சொல்தானே! மேடையில் சமூகச் சீர்திருத்தம் பேசும் நாம், நம் வீட்டுச் சம்பந்தத்தில் என்ன பேசுகிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கட்டும்.

சங்கங்கள் இனிச் செய்ய வேண்டியது தெளிவு. கோரிக்கைப் பட்டியலில் போனசுக்கும் பஞ்சப்படிக்கும் பக்கத்தில் இதுவும் ஏற வேண்டும். வலிப்பு நோயைச் சொன்ன காரணத்துக்காக ஒருவனையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. டாக்டர் சீட்டுக் கொடுத்தால், கூலி குறையாமல் பகல் ஷிப்டுக்கு மாற்ற வேண்டும். ஆபத்தான இடத்தில் நிற்பவனுக்கு அதே ஆலையில் மாற்று வேலை தர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை ஒரு நாளும் தீராமல், ஒரே தடவையில் மாதக்கணக்குக்குக் கிடைக்க வேண்டும். இவற்றில் எது முதலாளியின் பெட்டியைக் காலி செய்துவிடும்?

அதற்கு முன் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு ஆணை வேண்டாம், மாநாடு வேண்டாம். காலையில் நாக்கில் காயத்தோடு எழுபவனைத் தனியே அழைத்து, "தம்பி, ராத்திரி உனக்கு இப்படி நடந்தது, வா, டாக்டரிடம் போவோம், நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். அவன் இரவில் கண்மூடிக் கிடக்கும்போது நம் கண்கள் திறந்திருக்கட்டும்!